சீரத்திலிருந்து மீண்டு வந்த சரின்

பூச்சிமருந்து கேஸ் வந்தால் வார்டிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு உடனே ஒரு டியூப் ரத்தம் வந்துவிடும். சீரம் பிரித்து, எல்மன் 1961-இல் சொன்ன முறைப்படி மருந்துகளைச் சேர்ப்போம். கோலினெஸ்டரேஸ் என்ற நொதி வேலை செய்தால் மஞ்சள் நிறம் ஏறும். விஷம் அதைப் பிடித்துவிட்டிருந்தால் ஏறாது. கரைசல் வெளிறியே நிற்கும். பணியில் இருந்தவரை இந்தச் சோதனையை விடாமல் செய்து வந்தேன். டாக்டருக்கு அது பெரிய துணை. ஆனால் எந்த விஷம் என்று அது சொல்லாது. கல்லீரல் கெட்டாலும், கர்ப்ப காலத்திலும்கூட அந்த அளவு இறங்கும்.

நரம்பு வாயுவும் இந்தப் பூச்சிமருந்துகளின் குடும்பம்தான். ஜெர்மனியில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்துக்காகப் பூச்சிக்கொல்லி தேடிக்கொண்டிருந்த கெர்ஹார்ட் ஷ்ராடர் 1936-இல் டாபுனைக் கண்டார். 1938-இல் அவர் குழுவிடமிருந்து சரின் வந்தது. பிற்பாடு வயலுக்கு வந்த பாரத்தியானும் அவர் கண்டதே.

அந்தச் சரினை ஓம் ஷின்ரிக்யோ என்ற மதக் கூட்டம் 1994 ஜூன் 27 இரவு ஜப்பானின் மாட்சுமோட்டோ நகரில் பரப்பியது. 1995 மார்ச் 20 காலை டோக்கியோவின் சுரங்க ரயில்களில் விட்டது. அங்குள்ள புனித லூக்கா மருத்துவமனைக்கு மட்டும் அன்று 640 பேர் வந்தார்கள். கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கியிருந்தது, கோலினெஸ்டரேஸ் குறைந்திருந்தது. எங்களுக்குப் பழக்கமான அதே அடையாளங்கள்! மாட்சுமோட்டோ நோயாளிகளைப் பார்த்திருந்த ஷின்ஷு பல்கலைக்கழக மருத்துவர் ஒருவர் போன் செய்து, இது சரினாக இருக்கலாம் என்று எச்சரித்தார்.

சிகிச்சைக்கு அது போதும். ஆனால் இந்த மனிதரின் உடலுக்குள் போனது சரின்தான் என்று பின்னாளில் நிரூபிக்க வேண்டுமே? சரின் ரத்தத்தில் தனியாக அதிக நேரம் தங்குவதில்லை. சிதைந்து சிறுநீரில் போய்விடும். நொதியில் ஒட்டிக்கொண்ட பங்குதான் மிஞ்சும்.

நெதர்லாந்தில் ரைஸ்வைக் நகரின் டி.என்.ஓ. ஆய்வகத்தில் பென்ஸ்கோப் உள்ளிட்ட மூவர் அந்தப் பங்கைப் பிடித்தார்கள். நொதியில் ஒட்டும்போது சரின் தன் ஃபுளூரைடை இழக்கிறது. அப்படியானால் சீரத்தில் ஃபுளூரைடைத் தாராளமாகச் சேர்த்தால்? ஒட்டியது கழன்று, ஃபுளூரைடோடு சேர்ந்து மறுபடி சரினாகவே வெளியே வரும். அதை வாயு நிறப்பகுப்பில் அளந்துவிடலாம். நான் படித்த வேதியியலில் இவ்வளவு எளிமையும் துணிச்சலும் ஒன்றாய்ச் சேர்ந்த யோசனை வேறில்லை. ஜப்பானிலிருந்து வந்த சீரத்தில் மில்லிலிட்டருக்கு 0.2 முதல் 4.1 நானோகிராம் வரை சரின் கிடைத்ததாக 1997-இல் எழுதினார்கள். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒட்டிய சரின் சில மணி நேரத்தில் தன் இன்னொரு பகுதியையும் உதிர்த்து இறுகத் தொடங்கும். இறுகியதை ஃபுளூரைடால் கழற்ற முடியாது. 2002-இல் அதே ஆய்வகத்தினர் நொதியையே பெப்சினால் துண்டாக்கி, விஷம் ஒட்டிய ஒன்பது அமினோ அமிலத் துண்டை நிறைமானியில் அடையாளம் கண்டார்கள். இறுகியதும் இதில் தப்பவில்லை.

கடுகு வாயு என்ற வேறொரு ரசாயன ஆயுதத்தின் தடயத்தைக் கண்டுபிடிக்க இன்னும் நீண்ட அவகாசம் உண்டு. அது ஹீமோகுளோபினில் ஒட்டும். சிவப்பணுவின் ஆயுளோ சுமார் 120 நாள். ஈரான்–ஈராக் போரில் பாதிக்கப்பட்ட இருவரின் ரத்தத்தில், சம்பவம் நடந்து மூன்று வாரம் கடந்து எடுத்த மாதிரியிலும், அந்தத் தடயம் கிடைத்தது.

சிரியாவில் 2013 ஆகஸ்ட் 21 அன்று கூட்டாவில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு, ஓகே செல்ஸ்ட்ரோம் தலைமையிலான ஐ.நா. குழு உயிர் பிழைத்தவர்களின் ரத்தத்தை எடுத்தது. பெரும்பாலானவர்களின் ரத்தத்தில் சரினின் சுவடு இருந்தது. ஹேக் நகரிலுள்ள ரசாயன ஆயுதத் தடை அமைப்பு 2016-இல், மனித ரத்தத்தையும் சிறுநீரையும் சோதிப்பதற்கென்றே ஆய்வகங்களை முதன்முறையாகத் தேர்ந்து அறிவித்தது. ஒரே மாதிரியைப் பிரித்து, குறைந்தது இரண்டு ஆய்வகங்களுக்காவது அனுப்புகிறார்கள்.