கிசெல்லா பெர்ல்

கிசெல்லா பெர்ல் (டிசம்பர் 10, 1907 – டிசம்பர் 16, 1988) ஒரு யூத மகப்பேறு மருத்துவர் ஆவார். இரண்டாம் உலகப் போரின்போது ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் கைதியாக இருந்த இவர், கருவுற்ற பெண் கைதிகளின் உயிரைக் காக்க அவர்களுக்கு இரகசியமாகக் கருக்கலைப்புச் செய்தார்.

இளமை

சிகெட் என்னும் ஊரில் பிறந்தார். அப்போது ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசில் இருந்த இவ்வூர், முதல் உலகப் போருக்குப் பின் ருமேனியாவுக்கும், 1940-ல் மீண்டும் ஹங்கேரிக்கும் கைமாறியது. இன்று ருமேனியாவில் உள்ளது. இதனால் இவரைச் சிலர் ருமேனியர் என்றும் சிலர் ஹங்கேரியர் என்றும் குறிப்பிடுவதுண்டு. மருத்துவம் படித்தால் மகள் சமய நம்பிக்கையை இழப்பாள் என அஞ்சிய தந்தை, முதலில் மறுத்துப் பின்னரே இணங்கினார். பெர்ல் மணந்தவரும் ஒரு மருத்துவரே.

ஆஷ்விட்ஸ் முகாமில்

மார்ச் 1944-ல் ஜெர்மானியப் படைகள் ஹங்கேரியை ஆக்கிரமித்தன. அவ்வாண்டே பெர்ல் ஆஷ்விட்சுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அங்கு யோசப் மெங்கெலேயின் கீழ், முகாம் மருத்துவமனையில் பணிபுரியுமாறு பணிக்கப்பட்டார். மருத்துவமனை என்பது பெயரளவில்தான்; மயக்க மருந்தோ, கட்டுத்துணியோ, முறையான கருவிகளோ அங்கு இல்லை.

கருவுற்ற பெண்கள் நல்ல உணவு கிடைக்கும் வேறு முகாமுக்கு அனுப்பப்படுவர் என்று மெங்கெலே அறிவித்தான். அதை நம்பிப் பலர் தாமாகவே முன்வந்தனர். அவர்கள் கொல்லப்படுவதைப் பெர்ல் விரைவில் அறிந்துகொண்டார். கருவுற்றிருப்பது வெளியே தெரிந்தால் தாயும் பிழைக்க மாட்டாள், குழந்தையும் பிழைக்காது. எனவே இரவு நேரங்களில், கொட்டடியின் அழுக்குத் தரையில், வெறும் கைகளால் கருக்கலைப்புச் செய்தார். பிறந்த குழந்தையின் உயிரைத் தாமே போக்க நேர்ந்ததையும் பின்னாளில் மறைக்காமல் எழுதினார். சமயப்பற்றுள்ள குடும்பத்தில் வளர்ந்த ஒரு மகப்பேறு மருத்துவருக்கு இது எத்தகைய சுமை என்பதை அந்நூலைப் படிப்போர் உணரலாம்.

போருக்குப் பின்

ஏப்ரல் 1945-ல் பெர்கன்-பெல்சன் முகாமில் பிரித்தானியப் படையினரால் விடுவிக்கப்பட்டார். கணவர், மகன், பெற்றோர் ஆகியோர் இறந்ததை அறிந்து தற்கொலைக்கு முயன்று உயிர்பிழைத்தார். ஒளித்து வைக்கப்பட்டிருந்த மகள் மட்டும் தப்பியிருந்தாள்.

1947-ல் அமெரிக்கா சென்றார். நாசி மருத்துவர்களுக்கு உதவினாரோ என்னும் ஐயத்தில் குடியேற்றத் துறையினர் அங்கு இவரை விசாரித்தனர். முன்னாள் குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூசவெல்ட், மீண்டும் மருத்துவம் பார்க்குமாறு இவரை ஊக்குவித்தார். 1948-ல் தம் முகாம் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். 1951-ல் குடியுரிமை பெற்றார். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையில் பணியாற்றிக் குழந்தையின்மைச் சிகிச்சையில் வல்லுநரானார். ஏறத்தாழ 3,000 பிரசவங்கள் பார்த்ததாகக் கூறப்படுகிறது.

1979-ல் மகளுடன் இஸ்ரேலில் குடியேறி, அங்கேயே காலமானார். இவரது வாழ்க்கையைத் தழுவிய தொலைக்காட்சித் திரைப்படம் ஒன்று 2003-ல் வெளிவந்தது.