பதின்பருவப் பிறழ்நடத்தை: திருப்பூர்ச் சூழல்

பள்ளிக்கு மட்டம் போடுதல், புகை, மது, அடிதடி முதலியன பதின்பருவப் பிறழ்நடத்தைகள். பெற்றோரிடம் ஒட்டுதலும் பள்ளியில் பற்றும் குறைந்த சிறுவர்களே அதிகம் தடம் மாறுவதாக அமெரிக்கச் சமூகவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி 1969இல் வெளியிட்ட நூலில் காட்டினார்.

பனியன் நகரான திருப்பூரில் இந்தப் பிணைப்பைச் சோதிப்பது பெற்றோரின் வேலை நேரம். ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போன தாயும் தகப்பனும் இரவு எட்டரைக்குத்தான் வேலை முடிப்பார்கள். ஏற்றுமதி ஆர்டர் நெருக்கினால் இன்னும் தாமதம். பள்ளிவிட்டு வரும் பிள்ளைக்கு அது கேட்பாரற்ற மாலை. தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த பல குடும்பங்களில் தாத்தா பாட்டியும் அருகில் இல்லை. ஒடிசா, பீகார் பிள்ளைகளுக்கோ பாடமொழியே புதிது.

வேலைக்குப் போனால் கிடைக்கும் வாரச் சம்பளம் இன்னோர் இழுப்பு. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016 திருத்தப்படி 14 முதல் 18 வயதினருக்கு அபாயத் தொழில்களில் மட்டுமே தடை; மற்ற வேலைகளில் சேரலாம். பள்ளியிலிருந்து நழுவும் வயதும் அதுவே.