கொல்லிமலையில் ஓர் ஆங்கிலக் குடும்பம்

நம் நாட்டின் மறைபரப்புப் பணி வரலாற்றைப் பேசத் தொடங்கினால், புனித சவேரியார், புனித அருளானந்தர், வீரமாமுனிவர் எனத் தனித்து வந்த துறவியரின் பெயர்களே முதலில் நம் நாவில் எழுகின்றன. அவர்கள் தாய்நாட்டைத் துறந்தார்கள், உற்றாரைத் துறந்தார்கள். துறப்பதாக வாக்களித்தவர்களும் அவர்களே. அதற்கான விலையைச் செலுத்தியவர்களும் அவர்களே. ஆனால் மனைவியோடு இங்கு குடியமர்ந்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர்களும் உண்டு. அவர்கள் பிற கிறிஸ்தவ சபைகளைச் சார்ந்தவர்கள் ஆதலால், அவர்களுடைய கதை நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் கிறிஸ்தவ ஒன்றிப்பு பற்றிய ஏட்டினை வெளியிட்ட பின்னர், அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள நமக்குத் தயக்கம் வேண்டியதில்லை. அத்தகைய ஒரு குடும்பத்தின் வாசலுக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விழைகிறோம்.

வல்வில் ஓரியின் பெயரோடு சங்க இலக்கியத்தில் இடம்பெறும் கொல்லிமலை, இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது; முன்பு சேலம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. இன்று எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து மேலே ஏறுகிறது. 1913-இல் அந்தச் சாலை இல்லை. காட்டுப் பாதையில் நடந்து ஏற வேண்டும். நடக்க இயலாதவர்களை டோலியில் வைத்துச் சுமந்து செல்வார்கள். மலைக் காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளி மக்கள் அங்கே தங்கத் தயங்கிய காலம் அது.

அந்த மலைக்குத்தான் ஜெஸ்ஸி பிராண்டும் எவ்லினும் 1913-இல் மணமக்களாக ஏறினார்கள். ஜெஸ்ஸி கட்டுமானத் தொழில் அறிந்தவர். வெப்ப நாட்டு நோய்களுக்கான மருத்துவத்தில் ஓராண்டுப் பயிற்சி பெற்று, 1907-இல் இந்தியாவுக்கு வந்தவர். எவ்லின் 1879-இல் பிறந்தவர். இலண்டன் மாநகரில் செல்வக் குடும்பத்தில் வளர்ந்து, ஓவியம் பயின்றவர். இருவரும் பாப்டிஸ்ட் சபையின் பணியாளர்கள். மலையடிவாரத்திலுள்ள சேந்தமங்கலத்தில் அவர்களது திருமணம் நடந்தது. அங்கிருந்து கொட்டும் மழையில், மணக்கோலத்திலேயே மணமகள் மலையேறிய கதையை அக்குடும்பத்தார் பின்னாளில் பலமுறை சொல்லி மகிழ்ந்ததுண்டு.

ஜெஸ்ஸி தம் கைப்படக் கட்டிய மரவீடு தூண்களின் மேல் நின்றது. கறையான் ஏறாதபடி தூண்களின் தலையில் உலோகத் தட்டுகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவர்களுக்கு 1914-இல் பால் என்ற மகனும், அடுத்த சில ஆண்டுகளில் கானி என்ற மகளும் பிறந்தார்கள். பள்ளிக்கூடம் இல்லாத மலையில் தாயே ஆசிரியை. மரக்கிளையில் அமர்ந்துதான் பாடம் எழுதுவேன் என்று மகன் அடம்பிடித்தால், தாயும் அதற்கு இணங்கினார்.

வீட்டுத் திண்ணையே மருத்துவமனை. பல் பிடுங்குவதும், புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், நரம்புச் சிலந்தியை வெளியேற்றுவதும் அன்றாட வேலைகள். நரம்புச் சிலந்தி என்பது குடிநீர் வழியாக உடலுக்குள் சென்று, ஓராண்டு வளர்ந்து, காலில் கொப்புளமாக வெடித்து வெளிவரும் புழு. அதை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குச் சிறிதாக இழுக்க வேண்டும். அறுந்தால் சீழ் பிடிக்கும். நோயாளி படிக்கிணற்றில் இறங்கிக் காலை நனைத்தால், அந்நீரைப் பருகும் ஊரார் அனைவருக்கும் நோய் பரவும். ஆகவே புண்ணுக்கு மருந்திட்டதோடு ஜெஸ்ஸி நிற்கவில்லை. பாதுகாப்பான கிணறுகள் தோண்டவும், நீரில் கால் படாமல் இறைக்கவும் மக்களுக்குக் கற்பித்தார். இந்நோய் கண்ட கடைசி நபர் இந்தியாவில் 1996-இல் பதிவானார். 2000-ஆம் ஆண்டில் நம் நாடு இந்நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்த நீண்ட பாதையின் தொடக்கத்தில் பெயர் தெரியாத பல திண்ணைகள் இருந்தன.

தொடக்கத்தில் ஊரார் அவர்களிடம் மருந்து வாங்கினார்கள், நெருங்கவில்லை. அங்கிருந்த பூசாரியும் அவர்களை எதிர்த்தார். உலகையே உலுக்கிய 1918-19 நச்சுக் காய்ச்சல் மலையையும் தாக்கியது. காய்ச்சல் கண்ட வீடுகளை மற்றவர்கள் அஞ்சி விலகியபோது, பிராண்டு தம்பதியர் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு வீடு வீடாகச் சென்றார்கள். அந்தப் பூசாரியும் அவர் மனைவியும் நோயில் விழுந்தார்கள். சாகும் தறுவாயில் அவர் தம் பிள்ளைச் செல்வத்தை ஒப்படைக்கத் தேர்ந்தது அந்த அந்நியரின் வீட்டையே! சொற்பொழிவு திறக்காத கதவைக் கஞ்சிக் கலயம் திறந்தது.

சிறுவன் பாலின் நினைவில் இரு காட்சிகள் இறுதிவரை அழியாதிருந்தன. ஒருநாள் நெல் வயலின் சேற்றில் நண்பர்களோடு தவளை பிடித்து விளையாடிக்கொண்டிருந்தான். வயலைக் காத்துவந்த முதியவர் ஒருவர் வந்து, ஒரு கைப்பிடிச் சேற்றை அள்ளிக் காட்டினார். வரப்பு உடைந்து இந்தச் சேறு வழிந்தோடினால் மலைக்கு மீண்டும் ஏறி வராது. தலைமுறை தலைமுறையாகச் சோறு போடுவது இதுவே என்று உணர்த்தினார். ஆங்கிலேயச் சிறுவன் மண்ணின் அருமையைக் கற்றது எழுத்தறியாத அந்த மலைவாழ் தாத்தாவிடம்! பிற்காலத்தில் அவர் இதைக் கட்டுரையாகவே எழுதினார்.

மற்றொரு நாள் தொழுநோயாளர் மூவர் வீட்டுக்கு வந்தனர். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு, தந்தை கையுறை அணிந்து அவர்களுடைய பாதங்களைக் கழுவிக் கட்டுப் போட்டார். தாய் ஒரு கூடையில் உணவு கொடுத்தார். அவர்கள் விட்டுச் சென்ற கூடை பின்னர் எரிக்கப்பட்டது. அன்பும் அச்சமும் ஒரே வாசலில் நின்ற நாள் அது. நற்செயல் புரிந்த அந்த வீட்டிலும் அச்சம் இருந்தது என்பதை மறைக்காமல் சொன்னவர் அவர்களுடைய மகனே.

இனி நாம் அதிகம் பேசாத பகுதிக்கு வருகிறோம். 1923-இல் குடும்பம் விடுப்பில் இங்கிலாந்து சென்றது. விடுப்பு முடிந்ததும் பெற்றோர் மலைக்குத் திரும்பினர். பிள்ளைகள் இருவரும் கல்விக்காக இலண்டனில் உறவினர் வீட்டில் விடப்பட்டனர். பாலுக்கு அப்போது வயது ஒன்பதைத் தாண்டியிருந்தது. அதன்பின் தந்தை என்பவர் கடிதம்தான். மலையின் மரங்களையும் பறவைகளையும் பூச்சிகளையும் விவரித்து, படைப்பைக் கண்டு வியக்கக் கற்பிக்கும் கடிதங்கள் கப்பலில் வந்தன. 1929 ஜூனில் தந்தி வந்தது. மலேரியாவால் விளையும் கருநீர்க் காய்ச்சலில் ஜெஸ்ஸி தம் 44-ஆம் வயதில் மறைந்திருந்தார். தந்தி விரைவாக வந்துவிட்டது. கடிதங்களோ கடல் வழியாக மெல்ல வந்துகொண்டிருந்தன. ஆகவே இறந்துபோன தந்தை வாரக்கணக்கில் தம் மகனோடு பேசிக்கொண்டிருந்தார்.

இதை வாசித்து நம்மால் எளிதில் கடந்துசெல்ல இயலவில்லை. பெற்றோர் மனமுவந்து ஏற்ற பணி அது. ஆனால் அந்தப் பிள்ளைகள் எந்த வாக்கும் அளிக்கவில்லை. விலையில் ஒரு பங்கை அவர்களும் செலுத்தினார்கள். இதைத் தியாகம் என்று நாம் உடனே புகழ்ந்துவிடலாமா? ஆபிரகாமின் பயணத்தைத் தியானிக்கும் நாம், மலையேறிய ஈசாக்கின் மனத்தை எத்தனை முறை எண்ணியிருக்கிறோம்?

கணவரை மலையில் அடக்கம் செய்துவிட்டு இங்கிலாந்து சென்ற எவ்லின், சிறிது காலத்தில் மீண்டும் இந்தியா திரும்பினார். முதுமை காரணமாகச் சபை ஓய்வு கொடுத்த பின்னும், எழுபதை நெருங்கிய அவர் தம் சொந்தப் பொறுப்பில் மலைக்கே ஏறினார். இடுப்பெலும்பு முறிந்த பிறகும் ஊன்றுகோலோடு நடந்தார். மட்டக்குதிரை மீது ஊர் ஊராகச் சென்றார். முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை.

மகனோ, சீழும் இரத்தமும் கண்ட சிறுவயது வெறுப்பால் மருத்துவத்தை மறுத்து, கட்டுமானத் தொழில் கற்றார். பின் மனம் மாறி மருத்துவரானார். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். கண் மருத்துவரான மனைவி மார்கரெட்டும் பிள்ளைகளோடு அடுத்த ஆண்டில் வந்து சேர்ந்தார். தொழுநோயால் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்று அறுவையால் நிமிர்த்தும் முறையைப் பால் பிராண்டு அங்கே வளர்த்தார். விரல்கள் தேய்வதற்கு வலி உணர்வு அற்றுப்போவதே காரணம் என்பதை உலகுக்குக் காட்டினார். உறங்கும் நோயாளியின் விரலை எலி கடித்தாலும் அவருக்குத் தெரிவதில்லை என்று கண்டபின், நோயாளிகளுக்குப் பூனைகள் வழங்கப்பட்டன! தந்தை கையுறையோடு தொட்ட நோயாளரின் கைகளைத் தனயன் வெறுங்கையால் பற்றிக் குலுக்கினார்.

எவ்லின் 1974 டிசம்பரில், 95-ஆம் வயதில் வேலூரில் காலமானார். அவருடைய உடல் கொல்லிமலைக்கே கொண்டு செல்லப்பட்டு, கணவர் அருகில் அடக்கம் செய்யப்பட்டது. இலண்டன் செல்வக் குடும்பத்தின் மகளுக்கு அந்த மலையே சொந்த ஊராயிற்று. பால் பிராண்டு 1966-இல் அமெரிக்கா சென்று, 2003-இல் மறைந்தார்.

இன்று நம் பங்குகளில் தந்தை வளைகுடாவிலும், பிள்ளைகள் பாட்டியின் மடியிலுமாக வாழும் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. அவர்கள் மறைபரப்பச் செல்லவில்லை, பிழைக்கச் செல்கிறார்கள். எனினும், காத்திருக்கும் பிள்ளையின் மனம் அன்றும் இன்றும் ஒன்றே. பணம் வந்து சேர்ந்ததா என்று கேட்பதோடு நம் பேச்சு முடிந்துவிடக் கூடாது. தாம் காணும் வானத்தையும் மரத்தையும் மனிதரையும் பற்றித் தந்தை பிள்ளைக்குச் சொல்லட்டும். பிள்ளையின் ஏக்கத்தையும் தந்தை பொறுமையோடு கேட்கட்டும். நம் வீடுகளில் யார் எந்த விலையைச் செலுத்துகிறார்கள் என்று இன்றிரவு குடும்பச் செபத்திற்குப் பின் ஒருவரையொருவர் கேட்டுப் பார்ப்போமா?