கயிறும் கத்தியும்: கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரை

கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வழியாகப் பாலாற்று முகத்துவாரம் வரை நீளும் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. அலை கரையோரமாகவே மடிந்து உடையும். கப்பல் அதற்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்க வேண்டும். 17ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்து டச்சுக்காரர்கள் துணி ஏற்றியதும், அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவின் ஆஸ்டெண்ட் கம்பெனி கோவளத்தில் வணிகம் நடத்தியதும் இந்த அலையைத் தாண்டித்தான்.

தாண்ட உதவிய கலங்கள் இரண்டு: கட்டுமரமும் மசூலாப் படகும். இரண்டையும் பிணைத்திருந்தது தென்னை நார்க் கயிறு. ஆணி அடித்து இறுக்கிய மேனாட்டுப் படகு மணலில் மோதினால் பிளந்துவிடும். கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாவோ வளைந்து கொடுக்கும். கட்டுமரம் இன்னும் எளிது. செதுக்கிய மரங்களைச் சேர்த்துக் கட்டினால் கலம். கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்தால் உலரப்போட்ட மரங்கள். அதற்கு உள்ளறை இல்லாததால் தண்ணீர் புகுந்து மூழ்காது. கவிழ்ந்தாலும் ஆள் அடியில் சிக்கிக்கொள்ள இடமில்லை, மறுபடி ஏறி உட்கார வேண்டியதுதான். கடலோடியின் கத்தி மீனுக்கும் வலைக்கும் கயிற்றுக்கும் பயன்பட்டதே தவிர, கலத்திலிருந்து தன்னை விடுவித்துக்கொள்ளத் தேவைப்படவில்லை. மீட்புக் கத்தி என்ற தனிக் கருவி இங்கே உருவாகாததில் வியப்பில்லை.

மீட்பு என்ற தொழில் மட்டும் இருந்தது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் சென்னையில் பயணிகளை ஏற்றிய மசூலாக்களுக்குத் துணையாகக் கட்டுமரங்களும் போகும். படகு கவிழ்ந்தால் விழுந்தவர்களைத் தூக்குவது கட்டுமரக்காரர்களின் வேலை. உயிர் காத்தவர்களுக்கு அரசு பதக்கம் கொடுத்தது. கப்பலுக்கும் கரைக்கும் இடையே கடிதங்களை நனையாமல் கூம்புத் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுபோனவர்களும் இவர்களே. அவர்களுடைய மீட்புக் கருவி மரமும் நீச்சலும். 1861இல் இரும்புத் தூண்கள் மீது கடற்பாலம் வந்தது. 1881ஆம் ஆண்டுப் புயல் துறைமுகப் பணியைச் சிதைத்தாலும் வேலை தொடர்ந்தது. துறைமுகம் நிலைபெற்றதும் மசூலாவின் பயணித் தொழில் தேய்ந்தது.

நிலைமையை மாற்றியது நைலான். பருத்தி, சணல் வலைகள் மக்கும், இற்றுப்போகும். 1950களுக்குப் பின் பரவிய செயற்கை நூல் வலை மக்காது. மெலிதாக இருப்பதால் தண்ணீருக்குள் எளிதில் தெரியாது. கை காலில் சுற்றினால் இழுத்து அறுக்க முடியாது. வெளிப்பொருத்து எஞ்சின் வந்தபின் அதன் விசிறியிலும் கயிறு சுற்றியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் ஏராளமாக வந்தன, கட்டுமரங்கள் குறைந்தன. கத்தி உயிர்க்காப்புப் பொருளாவதற்கு இந்த மாற்றங்களே காரணம். விளையாட்டுப் படகுகள் நைலானுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவை.

1984இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் முட்டுக்காட்டில் படகுக் குழாம் தொடங்கியது. கோவளத்தில் அலைச்சறுக்கு வளர்ந்து, 2013 முதல் விழாவாகவும் நடந்தது. இவற்றோடு கயாக்கும் இந்தக் கரைக்குப் பழக்கமானது. ஆர்க்டிக் குளிருக்காகப் பிறந்த அசல் கயாக் மூடிய கலம். கால்கள் உள்ளே இருக்க, இடுப்பைச் சுற்றி உறை அடைத்திருக்கும். கவிழ்ந்தால், வெளியேற முதலில் உறையைக் கழற்ற வேண்டும். மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை வேறு. அதைக் கட்டுமரத்தின் தூரத்து உறவு என்று சொன்னால் மிகையாகாது.

வேகமான ஆறுகளில் கயாக் ஓட்டுபவர்கள், தண்ணீரில் விழுந்தவருக்கு வீச எறிகயிறு வைத்திருப்பார்கள். கயிறு வைத்திருப்பவர் கத்தியும் வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களிடம் எழுதாத சட்டம். அந்தக் கத்திக்கு முனை மழுங்கியிருக்க வேண்டும். அலையில் தடுமாறும் கையில் கூர்முனை, காப்பாற்ற வேண்டிய உடலையே குத்தும். ஈரமான செயற்கைக் கயிற்றை ரம்பப் பல் வைத்த விளிம்பு விரைவாக அறுக்கும், மெல்லிய வலைக்கு நேர்விளிம்பு போதும். அதனால் பாதிக்குப் பாதி உள்ள அலகு இந்தக் கடலுக்கு ஏற்றது. மடக்குக் கத்தி மலிவுதான், ஆனால் உப்பும் மணலும் அதன் கீலை இறுக்கிவிடும். உறையுள்ள நேர்கத்தியை உயிர்காப்பு உடையின் மார்பில், எந்தக் கையாலும் ஒரே இழுப்பில் எடுக்கும்படி பொருத்துவதே சரி. பைக்குள் போட்ட கத்தி இல்லாத கத்திக்குச் சமம். வெளியே தொங்கும் கத்தியோ வலையில் தானே மாட்டும்.

கார்பன் எஃகு நன்றாக வெட்டும், உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறும். துருப்பிடிக்காத எஃகையும் ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவி உலர்த்த வேண்டும். விறைத்த கயிற்றை அறுத்தால் அது சுண்டித் தெறிக்கும், ஆகவே அறுப்பவர் அதன் பாதையிலிருந்து விலகி நிற்க வேண்டும். நின்று துடுப்பு போடும் பலகையை ஆற்றுமுகத்தில் ஓட்டுபவருக்குக் கத்தியைவிட முக்கியமானது, அவரைப் பலகையோடு பிணைக்கும், இடுப்பில் ஒரே இழுப்பில் கழலும் வார். கணுக்காலில் கட்டிய வார் நீரோட்டத்தில் எதிலாவது சிக்கினால் குனிந்து எட்டுவதே கடினம்.

சட்டச் சிக்கல் பெரிதில்லை. இந்திய ஆயுத விதிகள் கணக்கில் எடுப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை. மீட்புக் கத்தியின் அலகு வழக்கமாக 3 அங்குல அளவுதான். விமானத்தில் போகும்போது மட்டும் அது கைப்பையில் இருக்கக் கூடாது, பதிவுப் பெட்டியில் போக வேண்டும்.