இரைகௌவியும் இரையும்: பெல்லன்வில–அத்திடிய சதுப்பு

உணவுச் சங்கிலியில் கொன்று தின்னும் உயிர் இரைகௌவி, தின்னப்படுவது இரை. இரண்டும் ஒன்றையொன்று அடியோடு அழித்துவிடாமல், கூடியும் குறைந்தும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்வதையே இரைகௌவி–இரைச் சமநிலை என்கிறோம். சமநிலை என்றதும் அசையாத தராசுதான் நினைவுக்கு வரும். இங்கே அசைவு ஓய்வதே இல்லை. ஊஞ்சலே பொருத்தமான உவமை.

கொழும்பை அடுத்த கல்கிசையில் காலி வீதியைக் கடந்து கிழக்கே சில கிலோமீற்றர் போனால் இதைக் கண்ணால் காணலாம். பொல்கொட ஆற்றுப் படுகையின் மேற்பகுதியில் உள்ளது பெல்லன்வில–அத்திடிய சதுப்பு. பயிர்ச்செய்கை கைவிடப்பட்ட வயல்களும் சேர்ந்த இந்த 372 ஹெக்டேயர் நிலம் 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

மழை பெய்து நீர் பரவியதும் தவளையும் சிறுமீனும் பெருகுகின்றன. விரால், கொக்கு, நீர்க்காகம், சாரைப்பாம்பு எல்லாவற்றுக்கும் அது விருந்துக் காலம். குஞ்சுகள் அதிகம் பிழைக்கும். அவை வளர்ந்து வேட்டைக்கு இறங்கும் வேளையில் இரை குறையத் தொடங்கியிருக்கும். பசியில் சில சாகும், பறக்கக்கூடியவை வேறு நீர்நிலை தேடிப் போகும். நெருக்குதல் தளர்ந்ததும் இரை மறுபடி தலையெடுக்கும். இரைகௌவியின் குடித்தொகை எப்போதும் இரையின் குடித்தொகைக்கு ஓரடி பிந்தியே நடக்கிறது. ஊஞ்சலை ஆட்டுவது இந்தப் பிந்தல்தான்.

ஊஞ்சல் அறுந்து விழாதிருக்க இரைக்கு ஒளிவிடம் வேண்டும். ரஷ்ய உயிரியலாளர் கவுஸ் 1934இல் வெளியிட்ட சோதனைகள் இதைத் துலக்கமாகக் காட்டின. தெளிந்த நீரில் பரமேசியம் என்னும் ஒருகல உயிரையும் அதைத் தின்னும் டிடினியத்தையும் சேர்த்து விட்டபோது, டிடினியம் இரை முழுவதையும் தின்று தீர்த்துவிட்டுத் தானும் பட்டினியால் மடிந்தது. அடியில் வண்டல் இட்டபோது பரமேசியம் அதற்குள் பதுங்கிப் பிழைத்துக்கொண்டது. வேட்டையாடியது மட்டும் அழிந்தது. அத்திடியவில் அந்த வண்டலின் வேலையைப் பன்புல்லும் நீர்த்தாவரங்களும் செய்கின்றன. சதுப்பின் ஓரத்தை மண் போட்டு நிரப்பும்போது முதலில் போவது ஆழமற்ற இந்த ஒளிவிடமே. ஆகவே இழப்பைப் பரப்பளவால் மட்டும் அளப்பது போதாது என்பது இக்கட்டுரையின் துணிபு.

இந்த ஏற்ற இறக்கத்தைக் கணிதச் சமன்பாடாக எழுதியவர்கள் இருவர்: அமெரிக்காவில் லொட்கா (1925), இத்தாலியில் வொல்டெரா (1926). வொல்டெராவை இதில் இழுத்துவிட்டது மீன் சந்தைக் கணக்கு. உயிரியலாளர் டன்கோனா அத்ரியாட்டிக் கடலோரச் சந்தைகளின் பதிவுகளைப் பார்த்தார். ஃபியூமே சந்தையில் சுறா, திருக்கை போன்ற இரைகௌவிகளின் பங்கு 1914இல் 11.9 சதவீதம், 1918இல் 36.4 சதவீதம், 1923இல் மீண்டும் 10.7 சதவீதம். முதல் உலகப் போரில் மீன்பிடி குறைந்தபோது கொழுத்தவை சுறாக்களே. இரண்டையும் ஒருசேரப் பிடித்தால் இரை கூடும், இரைகௌவி குறையும் என்று சமன்பாடு விடை சொன்னது. வயலில் பூச்சியோடு சிலந்தியையும் கொல்லும் மருந்து, பிறகு பூச்சியையே பெருக்கிவிடுவதும் இதே கணக்கால்தான்.

நகரம் இந்தக் கணக்கில் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது: குப்பை. வெள்ளவத்தை முதல் கல்கிசை வரை எங்கும் நிறைந்திருக்கும் காகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றப் பறவைகளின் முட்டையும் குஞ்சும் அதற்கு உணவு. அவை அருகிப்போனால் காகமும் குறைய வேண்டும்; குறைவதில்லை. வீட்டு எச்சிற்சோறும் சந்தைக் கழிவும் அதைத் தாங்கிக்கொள்கின்றன. தெருநாய்க்கும் கபரகொய்யாவுக்கும் இதே வசதி உண்டு. பசி என்ற கடிவாளம் கழன்றுவிட்டதால், மிஞ்சியிருக்கும் கூடுகள் மீது நெருக்குதல் தளர்வதே இல்லை.

வெளியிலிருந்து வந்த இரைகௌவி இன்னொரு வகைக் கேடு. தென்கிழக்காசியாவைச் சேர்ந்த, உடலில் வளையமிட்ட கரும்புள்ளிகள் கொண்ட நைஃப் ஃபிஷ், அலங்கார மீன் வளர்ப்பிலிருந்து தப்பி இச்சதுப்பில் நிலைபெற்றுவிட்டது. சிறுமீனையும் இறாலையும் தின்னும் அந்த மீனோடு பழகிய அனுபவம் உள்ளூர் இரைகளுக்கு இல்லை.

சங்கிலியே எட்டாத நீரும் உண்டு. டெங்கு நுளம்பு முட்டையிடுவது சிரட்டை, டயர், கூரைப் பீலி போன்றவற்றில் தேங்கும் சிறு நீரில். சதுப்பில் நுளம்புக் குடம்பிகளைத் தின்னும் மீன் அங்கே இல்லை.

சங்கிலியின் உச்சியில் மீன்பிடிப் பூனையும் நீர்நாயும் இருக்கின்றன. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறும் சக்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் என்பதால், எந்தச் சதுப்பும் இத்தகைய விலங்குகளில் மிகச் சிலவற்றையே தாங்கும். கொழும்பின் மீன்பிடிப் பூனைகள் இரவில் கால்வாய்க் கரைகளிலும் வீட்டுத் தோட்டங்களிலும் நடமாடி, தொட்டியில் வளர்க்கும் மீன்களையும் பிடிக்கின்றன. அதற்காக வீதியைக் கடக்கையில் வாகனத்தில் அடிபடுகின்றன. தவளை ஆயிரம் செத்தாலும் அடுத்த மழையில் ஈடாகிவிடும். இந்தப் பூனையோ ஓர் ஈற்றில் பெரும்பாலும் இரண்டு மூன்று குட்டிகளே போடும். ஒன்று போனால் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது.