மோட்டார் வாணிகர் வழங்கிய வில்லைகள்

ஆண்டு விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரையொன்று வேண்டுமெனச் சங்கச் செயலாளர் பணித்தபோது, பண்டைய முசிறியைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் எண்ணினோம். ஆயின் முசிறியைப் பற்றி நம்மினும் மிக்க புலமையுடையோர் பலர் எழுதிவிட்டனர். நம் வீட்டு அலமாரிச் சாவியில் தொங்கும் பித்தளை வில்லையைப் பற்றி எழுத நம்மையன்றி எவருமிலர். ஆகவே அதனையே பொருளாகக் கொண்டோம்.

நம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையினின்று பிழைப்பு நாடி மட்டாஞ்சேரிக்கு வந்து, மிளகு வணிகர் ஒருவரிடம் மோட்டார் ஓட்டியவர். வண்டியோ டயரோ வாங்குமிடத்தில் கொடுக்கப்படும் சிறு விளம்பர வில்லைகளை முதலாளி பொருட்படுத்துவதில்லை, ஓட்டுநரிடமே தந்துவிடுவார். அவ்வாறு சேர்ந்தவை ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியில் கிடந்தன. சிறுவர்களாகிய நாம் அவற்றைக் காசாகப் பாவித்துக் கடை வைத்து விளையாடினோம்.

விளையாட்டாக நாம் செய்ததை மெய்யாகவே செய்த காலம் ஒன்று உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் சில்லறைச் செம்புக் காசுக்குப் பெரும் பஞ்சம் ஏற்பட்டது. 1787இல் ஆங்கிள்சித் தீவின் பாரிஸ் சுரங்கத்தார் தாமே செம்பு வில்லை அடித்துக் கூலி கொடுத்தனர். கடைக்காரரும் அவ்வழியைப் பின்பற்றித் தத்தம் பெயரைப் பொறித்துப் புழக்கத்தில் விட்டனர். சில்லறையும் ஆயிற்று, விளம்பரமும் ஆயிற்று! 1784இல் தபால் கோச்சு வண்டிகளை ஏற்படுத்திய ஜான் பாமருக்கு நன்றி கூறி, குதிரைகள் பாயும் கோச்சு வண்டி பொறித்த அரைப்பென்னி வில்லையும் வெளிவந்தது. மோட்டார் வில்லைகளுக்கு அதனையே மூதாதை என்போம்.

இத்தகைய வில்லையை ஏற்கும்படி எவரையும் சட்டம் கட்டாயப்படுத்தாது. கொடுத்தவன் சொல் தவறாதிருப்பான் என்ற நம்பிக்கையே அதன் மதிப்பு. காசுக்கும் நேர்மைக்கும் தமிழில் ‘நாணயம்’ என ஒரே சொல் வழங்குவது ஈண்டு நினைக்கத்தக்கது. இலங்கையில் காப்பி செழித்த நாளில், கொழும்பு ஆலைகளில் கொட்டை பொறுக்கிய பெண்டிர்க்கு ஆலையின் பெயர் பொறித்த வில்லைகளே வேலைக்கு அடையாளமாகக் கொடுக்கப்பட்டன. பின்னர் அவற்றைத் திருப்பிக் கொடுத்துப் பணம் பெறுவர். ஜார்ஜ் ஸ்டூவர்ட் கம்பெனியார் தம் வேகந்தை ஆலைக்கென 1843ஆம் ஆண்டு பொறித்து வெளியிட்ட வில்லையைச் சேகரிப்போர் இன்றும் தேடுகின்றனர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் காப்பியை அழித்தது, வில்லைகள் எஞ்சின. நமது இரயில்வேப் பட்டறைகளிலும் எண் பொறித்த பித்தளை வில்லையே தொழிலாளரின் வருகைச் சீட்டாக இருந்ததுண்டு.

நிற்க. மோட்டார் வண்டிக்கு வருவோம். 1886இல் மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் முறை கண்டறியப்பட்டதும் அவ்வுலோகம் மலிந்தது. விளம்பர வில்லைகளும் பெருகின. 1901இல் அமெரிக்காவின் பப்பலோ நகரக் கண்காட்சியில், ஒரு சென்ட் காசைச் சுற்றி அலுமினிய வளையம் பூட்டி அதில் விளம்பரம் பொறித்தனர். பின்னர் மோட்டார் வாணிகரும் இம்முறையைக் கைக்கொண்டனர். 1933இல் போர்டு கம்பெனி தன் முப்பதாண்டு நிறைவுக்கு வி-8 சின்னமிட்ட வில்லை வெளியிட்டது. அதே ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் தன் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு நார்மன் பெல் கெடஸ் என்னும் கலைஞரைக் கொண்டு பதக்கம் வடிப்பித்தது. இக்கம்பெனியே 1928இல் பம்பாயில் கார்களை இணைத்துக் கட்டத் தொடங்கி, 1954இல் அத்தொழிலை மூடியது.

இவற்றினும் நமக்கு உவப்பானவை சாவி வில்லைகள். ஒருபுறம் கார், மறுபுறம் ஓர் எண்ணும், ‘கண்டெடுத்தவர் தபால் பெட்டியில் இடுக’ என்ற வேண்டுகோளும் இருக்கும். வாணிகர் தபாற்கூலி செலுத்திப் பெற்று, எண்ணைப் பார்த்து உரியவரிடம் சேர்ப்பார். முன்பின் அறியாத ஒருவரின் நேர்மையை நம்பிச் செய்த ஏற்பாடு! இக்காலத்தில் எவர் செய்வார்?

கோசிறீப் பாலங்கள் 2004இல் திறக்கப்பட்டன, 4.62 கிலோமீட்டர் நீள வேம்பநாட்டு இரயில் பாலம் 2010இல் முடிந்தது. வல்லார்பாடத்துக்கு நாம் குடிபெயர்ந்தது அதற்குப் பின்னரே. மூட்டை கட்டிய அவசரத்தில், உடைந்த குத்துவிளக்கோடும் பழைய செம்போடும் அத்தகரப் பெட்டியையும் பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டோம். அவர்மீது குற்றமில்லை, தராசில் நம் கையாலேயே வைத்தோம். மறுவாரம் மட்டாஞ்சேரி யூதத் தெருவின் பழம்பொருட் கடையொன்றில் அதுபோன்ற ஒரு வில்லையைக் கண்ணாடிப் பேழைக்குள் கண்டபோதுதான் செய்த பிழை விளங்கிற்று. அதன் விலை, நாம் எடைக்குப் பெற்ற முழுத்தொகையினும் அதிகம். அதனைவிட உறுத்தியது, பாட்டனாரின் கைபட்டவற்றை எண்ணிக்கூடப் பாராமற் கொடுத்தோமே என்பதுதான்.

அலமாரிச் சாவியில் கோத்திருந்தமையால் ஒன்று மட்டும் தப்பியது. அன்பர்கள் போகிக்கு வீட்டை ஒழிக்கையில் இத்தகைய வில்லை கிடைப்பின், புளியும் சாம்பலும் இட்டுத் துலக்காதிருப்பாராக. மென்துணியால் துடைத்துக் காகித உறையிலிட்டு, எவரிடமிருந்து வந்தது என்பதை அதன்மேல் எழுதிவைப்பது போதும். நம் வில்லையை அன்னையார் ஆண்டுதோறும் பொங்கலுக்குப் புளியிட்டுப் பளபளக்கத் தேய்த்தார். காரின் முன்சக்கரம் மறைந்துபோயிற்று; எண்ணில் முதலிரண்டு இலக்கங்கள் மட்டும் தெரிகின்றன. வாணிகரின் பெயர் இருந்த இடம் கண்ணாடிபோல் வழவழப்பாக உள்ளது.