குரல் கேட்போர் குழு பிறந்த கதை

பாட்ஸி ஹாகே என்ற பெண்ணுக்குக் குரல்கள் கேட்டன. இதைச் செய், அதைச் செய்யாதே என்று அவை அவரை ஆட்டிப்படைத்தன. மாத்திரை பதற்றத்தைத் தணித்ததே தவிர, குரல்களை நிறுத்தவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்தவர், நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த மாரியஸ் ரோம். குரல் என்ன சொல்கிறது என்று துருவிக் கேட்கக் கூடாது, கேட்டால் பிரமை வலுத்துவிடும் என்பதே அன்றைய மருத்துவப் பாடம். ரோம் படித்ததும் அதுதான்.

பாட்ஸி சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். அந்தச் சமயத்தில், அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ஜேன்ஸ் 1976இல் வெளியிட்ட நூலைப் படித்தார். பண்டைக் கால மனிதர்களுக்குக் குரல் கேட்பது இயல்பாக இருந்தது என்பது ஜேன்ஸின் வாதம். அறிஞர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பாட்ஸிக்கோ அது பெரிய பிடிமானம். கண்ணுக்குத் தெரியாத கடவுளை மனிதர்கள் நம்பலாம், நான் காதாரக் கேட்கும் குரலை நீங்கள் ஏன் நம்பக் கூடாது என்று மருத்துவரிடமே வாதாடினார். ரோம் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை.

1987இல் இருவரும் டச்சுத் தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்பவர்கள் தொடர்புகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். அப்படிப்பட்டவர்கள் சுமார் 450 பேர் அழைத்தார்கள். அவர்களில் 150 பேர் குரல்களைச் சமாளித்து வாழ்வதாகச் சொன்னது ரோமுக்குப் புதிது. அந்த வித்தையை அவர்களிடமே கற்றுக்கொள்ளலாம் என்று முடிவுசெய்தார். பத்திரிகையாளர் சாண்ட்ரா எஷரும் கைகொடுக்க, அதே ஆண்டு அக்டோபரில் உட்ரெக்ட் நகரில் குரல் கேட்பவர்களின் மாநாடு கூடியது. அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் மான்செஸ்டரிலும், பிறகு பல நாடுகளிலும் குழுக்கள் முளைத்தன.

குழு என்றால், வட்டமாகப் போட்ட சில நாற்காலிகள். குரல் முதன்முதலில் எப்போது கேட்டது, யாருடைய சாயல் அதில் இருக்கிறது, எப்போது ஓங்குகிறது என்று அங்கே மனம்விட்டுப் பேசுகிறார்கள். பலருக்கு அந்தப் பேச்சு சிறுவயதில் பட்ட கொடுமைக்கோ ஒருவரின் மரணத்துக்கோ இட்டுச்செல்கிறது. கைவந்த உத்திகளையும் பகிர்ந்துகொள்கிறார்கள். இப்போது வேலை இருக்கிறது, ராத்திரி எட்டு மணிக்கு வா என்று குரலுக்கு நேரம் குறிப்பார் ஒருவர். தெருவில் போகும்போது கைபேசியைக் காதில் வைத்தபடி குரலுக்குப் பதில் சொல்வார் இன்னொருவர். பார்ப்பவர்களுக்கு யாருடனோ பேசுவதாகத்தான் தோன்றும்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடம் இது அல்ல. உறுப்பினர்களில் மருந்து எடுப்பவர்கள் உண்டு. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரோடு கலந்துபேசி முடிவெடுக்க வேண்டியது. மருந்தால் மட்டும் கிடைக்காத ஒன்றைக் குழு தருகிறது. குரல் முழுதாக ஓயாவிட்டாலும் வேலைக்குப் போகலாம், குடும்பம் நடத்தலாம் என்று வாழ்ந்து காட்டுபவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். புதிதாக வருகிறவருக்கு அதைவிடப் பெரிய நம்பிக்கையை யாரும் கொடுத்துவிட முடியாது.